அப்டேட்டுக்குப் பின் அப்ளிகேஷன் அலங்கோலமானால்: லினக்ஸில் எங்கே தேடுவது?

லினக்ஸ் அப்டேட் முடிந்த மறுநாள் காலையில் வரும் புகார்களுக்கு ஒரு பொதுச் சாயல் உண்டு. மெனுவைத் திறந்தால் எழுத்து தெரியவில்லை. ஐகான் இருந்த இடத்தில் கிழிந்த காகிதம் போல ஏதோ நிற்கிறது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து. நேற்றுவரை அளவாக இருந்த பட்டன்கள் இன்று இரண்டு மடங்கு பருத்திருக்கின்றன. தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கின்றன. வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. சேவ் ஆகிறது, பிரின்ட் வருகிறது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது அந்த அப்ளிகேஷனை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது. அது பலிக்காதபோது சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது. "பேசாம ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுரலாமே" என்பதுதான் அங்கே கிடைக்கும் முதல் ஆலோசனை. நீக்கிவிட்டுப் போட்டால் ஏன் சரியாகவில்லை என்பது புரிந்தால், மிச்சக் கட்டுரை தானாகப் புரிந்துவிடும். அப்ளிகேஷன் தன் முகத்தைத் தானே வரைந்துகொள்வதில்லை. "இங்கே ஒரு மெனு வேண்டும், அங்கே ஒரு பட்டன் வேண்டும்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வரைபவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆட்களில் யாருக்கோ கோளாறு வந்திருக்க, அப்ளிகேஷனை எத்தனை தடவை மாற்றிப் போட்டாலும் மெனு அப்படியேதான் இருக்கும். போதாததற்கு, நீங்கள் செய்த அமைப்புகள் எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கின்றன. அப்ளிகேஷனை நீக்கும்போது லினக்ஸ் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை.

வரைபவர்கள் யார்?

முதல் ஆள் டூல்கிட். பட்டன், மெனு, ஸ்க்ரோல்பார், ஃபைல் திறக்கும் சன்னல் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கும் நிரல் தொகுப்பு அது. லினக்ஸில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ஜிடிகே. 1990களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் ஜிம்ப் என்ற படத் திருத்தியை எழுதியபோது, அதற்காகவே உருவானது. இன்னொன்று க்யூடி. நார்வே நிறுவனமான ட்ரோல்டெக் 1995-ல் வெளியிட்டது. பேனல், மெனு, சன்னல்கள் என்று திரையின் மொத்த அமைப்பையும் தரும் மென்பொருளை லினக்ஸில் டெஸ்க்டாப் என்பார்கள். 1996-ல் தொடங்கிய கேடிஇ டெஸ்க்டாப் க்யூடியை எடுத்துக்கொண்டது. க்யூடியின் அன்றைய உரிமம் பிடிக்காதவர்கள் 1997-ல் நோம் டெஸ்க்டாப்பைத் தொடங்கி ஜிடிகேயைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று பிரிந்த இரண்டு வழி இன்றும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. நீங்கள் உபுண்டுவோ மின்ட்டோ எதை வைத்திருந்தாலும், ஃபைல் மேனேஜர் ஜிடிகே, வீடியோ ஓட்டும் விஎல்சி க்யூடி, பக்கம் வடிவமைக்கும் ஸ்க்ரைபஸ் க்யூடி, படம் வரையும் இங்க்ஸ்கேப் ஜிடிகே என்று கலந்துதான் இருக்கும்.

இதிலும் தலைமுறைகள் உண்டு. ஜிடிகே 3 வந்தது 2011-ல், ஜிடிகே 4 வந்தது 2020 டிசம்பரில். க்யூடி 5 வந்தது 2012-ல், க்யூடி 6 வந்ததும் அதே 2020 டிசம்பரில்தான். ஒரு தலைமுறைக்குப் போட்ட அமைப்பு அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. ஆகவே ஒரே கம்ப்யூட்டரில் நாலைந்து ஓவியர்கள் வேலை பார்க்கிறார்கள். அப்டேட்டில் ஒரு அப்ளிகேஷன் பழைய ஓவியரிடமிருந்து புதியவரிடம் மாறிவிட்டால், அதன் முகம் ஒரே ராத்திரியில் மாறிவிடும். ஜிம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிகேக்குப் பிறப்புக் கொடுத்த அந்த மென்பொருள், ஜிடிகே 2-ஐ விட்டு ஜிடிகே 3-க்கு வந்தது 2025 மார்ச்சில், 3.0 பதிப்பில்தான். டெபியன் லினக்ஸின் 12-ம் பதிப்பிலிருந்து 13-க்குப் போனவர்கள் ஜிம்பைத் திறந்து, தாங்கள் ஆசையாகப் போட்டிருந்த தீம் எங்கே என்று தேடியிருப்பார்கள். அது எங்கும் போகவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் போய்விட்டார். தீம் எழுதும் முறையே மாறிவிட்டது.

இரண்டாவது ஆள் தீம். எந்த நிறம், எவ்வளவு இடைவெளி, ஓரம் வளைவா நேரா என்று டூல்கிட்டுக்குச் சொல்லும் குறிப்பு அது. ஜிடிகே 3-லும் 4-லும் இந்தக் குறிப்பு, இணையப் பக்கங்களுக்கு எழுதுவதைப் போன்ற சிஎஸ்எஸ் ஃபைல்தான். மதுரை புதுமண்டபத்தில் தையல்காரர்கள் இருந்த காலத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனால், துணியோடு அளவு ஜாக்கெட்டையும் கேட்பார்கள். நீங்கள் கொடுப்பது மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட் என்றால், தைத்து வருவதும் மூன்று வருஷத்துக்கு முந்தைய உடம்புக்குத்தான் பொருந்தும். தையல்காரரைக் குறை சொல்ல முடியாது, துணியையும் குறை சொல்ல முடியாது. வெளியாட்கள் செய்து இணையத்தில் போடும் தீம்கள் இப்படித்தான். டூல்கிட்டின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பார்த்து அளவெடுத்துத் தைத்தவை. 2016-ல் ஜிடிகே 3.20 வந்தபோது, பட்டன் மெனு போன்ற உறுப்புகளை சிஎஸ்எஸ்ஸில் குறிப்பிடும் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். அதுவரை ஓடிய வெளித் தீம்கள் கூட்டமாக உடைந்தன. அதற்குப் பிறகு ஜிடிகே 3 பெரிதாக ஆட்டம் காட்டவில்லை. ஆனாலும் 2016-க்கு முந்தைய தீம் ஒன்றை இன்னமும் ஹோம் ஃபோல்டரில் சுமந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஐகான் தொகுப்பு, நான்காவதாக எழுத்துருக்கள், ஐந்தாவதாக இவை எல்லாவற்றையும் வாங்கித் திரையில் சேர்த்து வைக்கும் வேலாண்ட் அல்லது எக்ஸ்11, அதற்கும் கீழே கிராஃபிக்ஸ் டிரைவர். கோளாறு இவற்றில் எந்த அடுக்கில் என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். சரிசெய்வதற்குச் சில நிமிஷம் போதும்.

தொடுவதற்கு முன் சில கேள்விகள்

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேலியாகச் சொல்லவில்லை. அப்டேட் ஓடும்போது திறந்திருந்த அப்ளிகேஷன்கள் பழைய நூலகங்களை (பல அப்ளிகேஷன்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஃபைல்களை) நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும், டிஸ்க்கிலோ புதிய ஃபைல்கள் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய நிரல் புதிய ஐகானைத் தேடும், கிடைக்காது. லாக்அவுட் செய்து வந்தாலே பல சமயம் எல்லாம் அடங்கிவிடும். லேப்டாப்பை மூடி மூடித் திறந்து, வாரக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாமல் ஓட்டுபவர்களுக்கு இது அவசியம்.

அடுத்து, ஒரே அப்ளிகேஷனா, பலவா? பல என்றால் அவற்றுக்குள் என்ன உறவு? ஜிடிகே ஆட்கள் மட்டும் கெட்டு க்யூடி ஆட்கள் நன்றாக இருந்தால், தேட வேண்டிய இடம் அப்போதே பாதியாகிவிட்டது. எல்லாமே கெட்டிருந்தால் தீம் பக்கத்தை விட்டுவிட்டு எழுத்துரு, டிரைவர் பக்கம் போங்கள். ஒன்றே ஒன்று என்றால் அதை எந்த வழியில் இன்ஸ்டால் செய்தீர்கள் என்று பாருங்கள். ஸ்னாப்பா, ஃபிளாட்பேக்கா (இரண்டும் தமக்கு வேண்டியதைத் தம்மோடு கட்டிக்கொண்டு வரும் வகைகள்), லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வரும் சாதாரணத் தொகுப்பா என்பது முக்கியம்.

இன்னொரு கேள்வி, புது யூசருக்கும் இப்படித்தான் இருக்கிறதா? என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் மற்றதைக்கூட மறந்துவிடலாம். செட்டிங்ஸில் யூசர்ஸ் பகுதிக்குப் போய் 'சோதனை' மாதிரி ஒரு புதிய கணக்கு உருவாக்குங்கள். லாக்அவுட் செய்து அதில் நுழையுங்கள். அதே அப்ளிகேஷனைத் திறந்து பாருங்கள். இங்கே அழகாக இருந்தால் சிஸ்டத்தில் எந்தக் குறையும் இல்லை, உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் பழைய அமைப்பு ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. இங்கேயும் அதே அலங்கோலம் என்றால் உங்கள் அமைப்புகளை நோண்டிப் பயனில்லை, சிஸ்டம் பக்கம் போக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மின்ட் வைத்திருப்பவர்கள் உடனே, சிஸ்டத்தின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து நேற்றைய நிலைக்குத் திரும்புகிறார்கள். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் ஃபோல்டரைச் சேமிப்பதில்லை. கோளாறு ஹோம் ஃபோல்டரில் இருந்தால், பொறுமையாகக் காத்திருந்து ரீஸ்டோர் செய்தும் கெட்டது கெட்டபடியே இருக்கலாம். அல்லது பழைய அமைப்புக்குப் பழைய நூலகம் பொருந்திப்போய்ச் சரியானது போலத் தோன்றும், அடுத்த அப்டேட்டில் மறுபடி வரும். இரண்டுமே தலைவலி.

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டிடிபி கடை

இந்தக் கேள்விகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட ஒரு நிகழ்வு. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் செய்யும் சின்னக் கடை. கடைக்கார அக்கா டெபியனில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருக்கிறார். "தம்பி, நேத்து ராத்திரி பெரிய அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னு குடுத்துட்டுப் போயிட்டேன். காலைல வந்து தொறந்தா மெனுல எழுத்தே இல்ல. முகூர்த்த நாள் வேற வருது" என்றார்.

இங்க்ஸ்கேப்பில் மெனு வெள்ளையாக விழுந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் மவுஸை மேலிருந்து கீழே இழுத்தால், மவுஸ் நிற்கும் வரி மட்டும் நீலமாகி அதில் எழுத்து தெரிந்தது. மவுஸ் நகர்ந்ததும் மறைந்தது. இதுவே பாதி விடை. எழுத்து இருக்கிறது, வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை மையால் எழுதியிருக்கிறது. ஆகவே இது எழுத்துருக் கோளாறு இல்லை, நிறக் கோளாறு, அதாவது தீம்.

ஸ்க்ரைபஸைத் திறந்தோம், மெனு நன்றாக இருந்தது. அது க்யூடி. துனார் ஃபைல் மேனேஜரில் அதே வெள்ளை மெனு. லிப்ரெஆஃபீஸிலும் அப்படியே. லிப்ரெஆஃபீஸ் தனக்கென்று சொந்தமாக வரையும் முறை வைத்திருந்தாலும், இந்த மாதிரி டெஸ்க்டாப்பில் ஜிடிகே 3-ஐக் கொண்டு தன்னை வரைந்துகொள்ளும். மூன்றுக்கும் பொது ஜிடிகே 3. புது யூசர் உருவாக்கி நுழைந்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்படியானால் அக்காவின் ஹோம் ஃபோல்டரில், ஜிடிகே 3 சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று.

ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தவை அவை. அதில் கான்ஃபிக் என்ற ஃபோல்டர், அதற்குள் ஜிடிகே-3.0, அதற்குள் ஜிடிகே டாட் சிஎஸ்எஸ் என்று ஒரு சின்ன ஃபைல். திறந்தால் நாலு வரி. மெனு எழுத்து வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கட்டளை. எப்போதோ கறுப்புத் தீம் போட்டபோது எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று, யாரோ வீடியோ பார்த்து எழுதி வைத்தது. அது இத்தனை நாள் சரியாகத்தான் இருந்தது. பதிப்பு மாறியபோது அந்தக் கறுப்புத் தீம் தொகுப்பு புதிய பதிப்பில் இல்லாமல் போய்விட்டது. கேட்ட தீம் கிடைக்காவிட்டால் ஜிடிகே தன் சொந்தத் தீமான அத்வைதாவுக்கு இறங்கிவிடும், அது வெள்ளை. பின்னணி மாறியது, நாலு வரி மட்டும் மாறவில்லை.

அந்த ஃபைலை அழிக்கவில்லை. பெயரின் கடைசியில் 'பழசு' என்று சேர்த்தோம். இங்க்ஸ்கேப்பை மூடித் திறந்தார். மெனு வந்துவிட்டது.

பெயர் மாற்றுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் என்ன அழித்தோம் என்பது மறந்துவிடும். பெயர் மாற்றினால் திருப்பிவிடலாம். சந்தேகப்பட வேண்டிய இடங்கள் சில உண்டு. கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஜிடிகே-3.0, ஜிடிகே-4.0. ஹோம் ஃபோல்டரிலேயே புள்ளி வைத்த தீம்ஸ், ஐகான்ஸ். கேடிஇ என்றால் கான்ஃபிக்குக்குள் கேடிஇகுளோபல்ஸ். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் அப்ளிகேஷனை மூடித் திறந்து பாருங்கள். மொத்தமாக மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அப்ளிகேஷனை டெர்மினலில் பெயர் அடித்துத் திறந்தால் சில செய்திகள் ஓடும். அதில் 'தீம் பார்சிங் எரர்' என்று வந்தால் எந்த சிஎஸ்எஸ் ஃபைல், எத்தனையாவது வரி என்பதும் கூடவே இருக்கும். அதைவிட நேரான சாட்சி வேண்டாம். 'கேன்பெரா' மாட்யூல் கிடைக்கவில்லை என்று வருவதைக் கண்டு பயந்துவிடாதீர்கள், அது சத்தம் எழுப்பும் பகுதி, முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டெர்மினல் செய்திகளில் பெரும்பகுதி இப்படித்தான், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் புலம்பல்.

தீமுக்கே அடங்காதவர்கள்

சில அப்ளிகேஷன்கள் அப்டேட்டுக்குப் பிறகு நீங்கள் போட்ட தீமைக் கண்டுகொள்ளவே மாட்டா. இது கோளாறு இல்லை, முடிவு. நோம் தரப்பு 2021-ன் கடைசி நாளில் லிப்அத்வைதா என்ற நூலகத்தின் 1.0 பதிப்பை வெளியிட்டது. 2022 மார்ச்சில் வந்த நோம் 42 முதல் நோமின் அப்ளிகேஷன்கள் வரிசையாக அதற்கு மாறின. லிப்அத்வைதாவில் எழுதிய அப்ளிகேஷன், சிஸ்டத்தின் ஜிடிகே தீமை எடுத்துக்கொள்ளாது. வெளிர் நிறமா கறுப்பா என்பது போன்ற சில விருப்பங்களை மட்டும் கேட்டுக்கொள்ளும். 2019-லேயே அப்ளிகேஷன் எழுதுபவர்கள் சிலர், "எங்கள் அப்ளிகேஷனுக்கு நீங்களாகத் தீம் போடாதீர்கள்" என்று லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்குத் திறந்த கடிதமே எழுதியிருந்தார்கள். உடைந்த தீமுக்கு வரும் வசவு எல்லாம் தங்கள் தலையில் விழுகிறது என்பது அவர்கள் குறை. நியாயம்தான். ஆனால் தன் கம்ப்யூட்டர் தன் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்றுதானே பலர் லினக்ஸுக்கு வந்தார்கள்? மின்ட் ஆட்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். 2024-ல் வந்த மின்ட் 22-ல் கால்குலேட்டர், சிஸ்டம் மானிட்டர் போன்றவற்றின் புதிய பதிப்புகளை விட்டுவிட்டு, ஜிடிகே 3-ல் இருந்த பழைய பதிப்புகளையே வைத்துக்கொண்டார்கள்.

க்யூடி பக்கம் வேறு மாதிரி வழுக்கல். க்யூடி 5-ல் இருந்த அப்ளிகேஷன் அப்டேட்டில் க்யூடி 6-க்கு மாறியிருக்கும். தீம் போட உதவும் க்யூடி5சிடி, குவான்டம் போன்றவற்றுக்கு க்யூடி 6-க்கான தனித் தொகுப்பு வேண்டும், அது உங்களிடம் இருக்காது. உடனே அந்த அப்ளிகேஷன் ஃப்யூஷன் என்ற இயல்புச் சட்டையில் வந்து நிற்கும். க்யூடி6சிடி அல்லது குவான்டமின் க்யூடி 6 தொகுப்பை நிறுவினால் போதும். 2024 பிப்ரவரியில் கேடிஇ பிளாஸ்மா 6 வந்தபோது இதே கதை தலைகீழாக நடந்தது. டெஸ்க்டாப் க்யூடி 6-க்குப் போய்விட, இன்னும் க்யூடி 5-ல் இருந்தவை பின்தங்கின.

ஐகான்

ஐகான்கள் காணாமல் போனால் முதலில் செட்டிங்ஸில் வேறு ஐகான் தொகுப்பை மாற்றிப் பாருங்கள். சரியானால் பழைய தொகுப்பில்தான் ஓட்டை. எல்லாத் தொகுப்பிலும் காணவில்லை என்றால் இரண்டு சாத்தியம். ஒன்று, ஐகான் பட்டியலின் கேச் (வேகத்துக்காகச் சேமித்து வைத்த நகல்) பழசாகிவிட்டது, ஜிடிகேயோடு வரும் ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேச் கட்டளையை ஓட்டினால் புதிதாகும். மற்றொன்று, ஐகான்கள் இப்போது பெரும்பாலும் எஸ்விஜி படங்கள், அவற்றைத் திறக்கும் பிக்ஸ்பஃப் லோடர் உடைந்திருக்கலாம். அப்ளிகேஷனை டெர்மினலில் திறக்கும்போது 'பிக்ஸ்பஃப்' என்ற சொல்லோடு புகார் ஓடினால் இதுதான். பாதி முடிந்து நின்றுபோன அப்டேட்டில் இது வரும். நம் பக்கம் அப்டேட்டின் நடுவே கரண்ட் போவது புதிதல்ல. உடைந்த தொகுப்புகளைச் சரிசெய்யும் வசதி எல்லா லினக்ஸிலும் உண்டு, அதை ஓட்டிவிட்டு மிச்ச அப்டேட்டை முடியுங்கள்.

தமிழ் எழுத்து கட்டமானால்

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை.

மூன்று விதமான பாழ் உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு. எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டம் வந்தால், அந்த எழுத்தைக் கொண்ட எழுத்துரு சிஸ்டத்தில் ஒன்றுகூட இல்லை, அல்லது இருப்பது அப்ளிகேஷனுக்குத் தெரியவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் என்று இலவச எழுத்துருக்கள் பெரும்பாலான லினக்ஸ்களின் களஞ்சியத்தில் இருக்கின்றன, ஒன்றை நிறுவுங்கள். நிறுவியும் தெரியவில்லை என்றால் எஃப்சி-கேச் என்ற கட்டளையை டெர்மினலில் ஓட்டினால் எழுத்துருப் பட்டியல் புதிதாகும். பிறகு அப்ளிகேஷனை மூடித் திறக்க வேண்டும்.

கட்டம் இல்லை, எழுத்து தெரிகிறது, ஆனால் 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் நிற்கிறது. தமிழில் கொம்பு, மெய்க்குப் பின்னால் தட்டச்சாகி முன்னால் போய் நிற்க வேண்டிய குறி. அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவ நிரல். அதற்கும் எழுத்துருவுக்கும் ஒத்துப்போகாதபோது, உயிர்க்குறி தன் மெய்யோடு சேராமல் தனித்து நிற்கும், அதற்கு ஆதரவாகப் புள்ளி வட்டம் போடப்படும். ஒரு அப்ளிகேஷனில் மட்டும் இப்படி என்றால் அந்த அப்ளிகேஷன் தன்னோடு கொண்டுவந்த பழைய நூலகம் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றிலும் என்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, டிடிபி கடைகளுக்கே உரியது. பழைய அழைப்பிதழைத் திறந்தால், அரைப்புள்ளிகள் விரவிய ஆங்கில எழுத்துக் குவியல். இது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல். அதில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக்காட்டியது. புதிய பதிப்பைச் சுத்தமாக நிறுவியபோது எழுத்துரு ஃபோல்டரைக் கொண்டுவர மறந்திருப்பார்கள். எழுத்துருவைத் திரும்ப வைத்தால் தமிழ் வந்துவிடும். நிரந்தர வழி யூனிகோடுக்கு மாற்றிவைப்பது, மாற்றிகள் நிறைய இருக்கின்றன.

இன்னும் பழைய டைப்-1 வகை எழுத்துருக்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. லிப்ரெஆஃபீஸ் 2017-ல் 5.3 பதிப்போடு அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஜிடிகேக்கு எழுத்து வரைந்து கொடுக்கும் பாங்கோ நூலகமும் 2019-ல் வந்த 1.44 பதிப்பில் டைப்-1, பிட்மேப் எழுத்துருக்கள் இரண்டையும் கைவிட்டது. இவற்றை ஓப்பன்டைப்புக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அமைப்புகளைத் தேடித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மங்கல், கிழிசல், தாமதம்

அப்ளிகேஷன் சன்னல் முழுதும் மங்கலாகத் தெரிந்தால், அப்டேட் உங்களை எக்ஸ்11-லிருந்து வேலாண்டுக்கு மாற்றியிருக்கலாம். திரையை 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கி வைத்திருந்தால், வேலாண்ட் தெரியாத பழைய அப்ளிகேஷன்கள் சின்னதாக வரையப்பட்டுப் பெரிதாக இழுக்கப்படும். அளவை 100-க்கு மாற்றிப் பாருங்கள், தெளிவானால் காரணம் அதுதான். லாகின் திரையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் எக்ஸ்11 அமர்வு இருந்தால் தெரியும். உபுண்டு 25.10-ல் நோமுக்கு அந்த வழியையும் எடுத்துவிட்டார்கள்.

குரோம், அல்லது எலக்ட்ரான் என்ற கருவியில் எழுதிய சாட் அப்ளிகேஷன்கள் கிழிந்த படம் போல, எழுத்தெல்லாம் சிதறித் தெரிந்தால், கிராஃபிக்ஸ் நூலகமான மேசா அப்டேட் ஆகியிருக்கும். அந்த அப்ளிகேஷனின் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஜிபியுகேச் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அப்ளிகேஷனை மூடிவிட்டு அதைத் தயங்காமல் அழிக்கலாம், தானாக மறுபடி உருவாகும். பழைய லேப்டாப்களில் ஜிடிகே 4 அப்ளிகேஷன்கள் மட்டும் கறுப்பாக, அல்லது துண்டு துண்டாகத் தெரிந்தால், அது வரையும் முறையை ஜிடிகே மாற்றியதன் விளைவு. 2024-ல் வந்த 4.14, 4.16 பதிப்புகளில் புதிய வரைமுறைகளை இயல்பாக்கினார்கள், வேலாண்டில் 4.16 முதல் வல்கன் என்ற வரைமுறை. ஜிஎஸ்கே_ரெண்டரர் என்ற சூழல் மாறியில் (அப்ளிகேஷன் திறக்கும்போது படித்துக்கொள்ளும் ஒரு குறிப்பு) 'ஜிஎல்' அல்லது 'கெய்ரோ' என்று கொடுத்து அப்ளிகேஷனைத் திறந்தால் சரியாகத் தெரியலாம். கெய்ரோ மெதுவானது, ஆனால் எந்த கார்டிலும் வரையும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்து லினக்ஸுக்கு வந்து, இன்றும் அதே லேப்டாப்பில் புதிய லினக்ஸ் ஓட்டுபவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்ளிகேஷன் திறக்கவே அரை நிமிஷம் எடுத்து, திறந்த பிறகு கறுப்பு விருப்பத்தையும் மதிக்கவில்லை என்றால் எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற இடைத்தரகரைப் பாருங்கள். நிற விருப்பத்தை அப்ளிகேஷனுக்கு எடுத்துச் சொல்பவர் அவர்தான். அவர் பதில் சொல்லாவிட்டால் அப்ளிகேஷன் 25 விநாடி காத்திருந்துவிட்டுத் தன் போக்கில் திறக்கும். உங்கள் டெஸ்க்டாப்புக்கு உரிய போர்ட்டல் தொகுப்பு இருக்கிறதா என்று பார்த்து நிறுவுங்கள்.

பெட்டிக்குள் ஓடுபவை

ஃபிளாட்பேக் அப்ளிகேஷன் தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. சிஸ்டத்தில் இருக்கும் தீம் ஃபோல்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. தீமின் ஃபிளாட்பேக் பதிப்பை, ஃபிளாட்பேக்குகளின் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் டிரைவர் அப்டேட் ஆனால் ஃபிளாட்பேக் அப்டேட்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் டிரைவரும் வெளியில் இருப்பதும் ஒரே எண்ணில் இருந்தாக வேண்டும்.

"நான் அப்டேட்டே பண்ணலையே" என்பவர்கள் பெரும்பாலும் ஸ்னாப் ஆட்கள். ஸ்னாப் உங்களைக் கேட்காமல் ஒரு நாளில் நான்கு முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். இது எனக்குப் பிடிக்காத பழக்கம், ஆனால் இதற்கு மருந்தையும் அவர்களே வைத்திருக்கிறார்கள். ஸ்னாப் ரிவர்ட் என்ற கட்டளையோடு அப்ளிகேஷன் பெயரைக் கொடுத்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம்.

சிஸ்டம்தான் காரணம் என்றால்

புது யூசரிடமும் அதே கோலம் என்று தெரிந்துவிட்டால், என்னென்ன மாறின என்ற பட்டியலைப் பாருங்கள். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவில் அப்டேட் வரலாறு இருக்கிறது. உபுண்டு, டெபியனில் ஆப்ட் தன் வரலாற்றை வார் ஃபோல்டருக்குள், லாக் ஃபோல்டருக்குள் எழுதி வைக்கிறது. ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி. கெட்டுப்போன தேதிக்கு நேராக மேசா, ஜிடிகே, க்யூடி, பாங்கோ, ஃபான்ட்கான்ஃபிக் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இப்போது டைம்ஷிஃப்ட் கைகொடுக்கும். திரும்பிய பிறகு அந்தத் தொகுப்பை மட்டும் ஹோல்ட் செய்து நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியதை எங்காவது எழுதி ஒட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் போகும்.

இதே கோளாறு மற்றவர்களுக்கும் வந்திருக்கும். உங்கள் லினக்ஸின் பிழைப் பதிவுப் பக்கத்தில் எழுதும்போது, லினக்ஸ் பதிப்பு, டெஸ்க்டாப் பெயர், வேலாண்டா எக்ஸ்11-ஆ, கிராஃபிக்ஸ் கார்டு, எந்தத் தொகுப்பு எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறியது, புது யூசரிடம் எப்படி இருந்தது, இவற்றை எழுதி ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் சேர்த்துவிடுங்கள். மொபைலில் எடுத்த போட்டோவும் ஸ்க்ரீன்ஷாட்டும் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் கிழிசல் ஸ்க்ரீன்ஷாட்டில் இல்லாமல் போட்டோவில் மட்டும் இருந்தால், அப்ளிகேஷனும் டூல்கிட்டும் சரியாகத்தான் வரைந்திருக்கின்றன. அதற்குப் பிறகு திரைக்கு அனுப்பும் இடத்தில், டிரைவரிலோ கேபிளிலோதான் பார்க்க வேண்டும்.